பைனஸை வெட்டச் சொன்ன நான்

சென்ற வருடம் நமது கல்லூரியின் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் "மலையகத்தின் பைனஸ் காடுகள் முற்றாக அகற்றப்பட வேண்டும்" என்ற தலைப்பில் எங்கள் இல்லம் விவாதித்தது. தொகுப்புரை என்னுடையது. வென்றோம். "இது காடல்ல, பச்சைப் பாலைவனம்" என்று நான் முடித்தபோது மண்டபத்தில் எழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அன்று நான் பேசியதில் பாதி சரி, பாதி பிழை. கைதட்டல் கிடைத்தது பிழையான பாதிக்கு.

நான் கொட்டகலைப் பிள்ளை. ஹற்றனிலிருந்து வரும் புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டியதும், தேயிலை மலைகளின் உச்சியில் ஈட்டிகளை நட்டுவைத்தாற்போல் வரிசையாக நிற்கும் மரங்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பைனஸ் எது, டர்பன்டைன் எது என்று தூரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். கிட்டப் போனால் காலே சொல்லிவிடும். பைனஸ் அடியில் தரை வழுக்கும். சிறுவயதில் நானும் மாமியின் பிள்ளைகளும் காட்போட் மட்டையில் உட்கார்ந்து அந்த ஊசியிலைச் சரிவில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். திரும்பி வரும்போது அடுப்புப் பற்றவைக்க ஒரு உரப்பை நிறைய ஊசியிலையும் வரும். அப்போது அந்தத் தரையில் ஏன் ஒரு செடிகூட இல்லை என்று யாரும் கேட்கவில்லை. செடி இருந்திருந்தால் சறுக்கியிருக்க முடியாது.

விவாதத்துக்கான என் சரக்கு பெரும்பாலும் வாப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டுக்கு மலையிலுள்ள ஒரு ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அது நூல்போல ஒடுங்கிவிடும். "முந்தி இப்படி இல்ல மகள். இந்த மரம் வந்துதான் தண்ணி போச்சு. வெட்டி எறிஞ்சா சரி" என்பார் வாப்பா. கடைக்கு வருகிறவர்களும் அதையே சொல்வார்கள். மலையகத்தில் யாரைக் கேட்டாலும் பைனஸ் மீது மூன்று குற்றங்கள் உண்டு. தண்ணீரை உறிஞ்சுகிறது, மண்ணைக் கெடுக்கிறது, தன் காலடியில் எதையும் வளர விடுவதில்லை. நான் அந்த மூன்றையும் அடுக்கிப் பேசினேன்.

மரங்கள் எப்படி வந்தன என்பதையாவது அன்று முழுதாகச் சொல்லியிருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் நம் மலைகளின் காடு அழிக்கப்பட்டது. விளைச்சல் குறைந்து கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும், மானாப்புல் மட்டுமே மண்டிய சரிவுகளிலும் மழை மண்ணை அள்ளிக்கொண்டு போனது. அந்தப் புல்வெளியைச் சிங்களத்தில் பத்தன என்பார்கள். நமக்குப் பக்கத்து ஊரான பத்தனையின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புல்தான் நினைவுக்கு வரும். 1977 இல் மகாவலித் திட்டம் துரிதப்படுத்தப்பட்டு, 1980களின் நடுப்பகுதியில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்கள் எழுந்தபோது, மேலே கரையும் மண் கீழே அணைக்கட்டில் படிந்துவிடுமே என்ற கவலையும் எழுந்தது. கொட்டகலைப் பக்கத்து மழையும் கொத்மலை ஓயா வழியே அங்கேதான் போய்ச் சேர்கிறது. எந்த மண்ணிலும் வேர்பிடித்து வேகமாக வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. மத்திய அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் சேர்ந்த பைனஸ் கரிபியாவை வனத் திணைக்களம் பெருமளவில் நட்டது. வேறு பைன் இனங்களும் நடப்பட்டன. ஆகவே இது காட்டை வெட்டிவிட்டு நட்ட மரம் என்று நான் பேசியது பொதுவாகப் பிழை. காடு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

விவாதம் முடிந்த அடுத்த விடுமுறையில் உயிரியல் பாடச் செயற்பாட்டுக்காக நான்கு தடிகளை ஆணியடித்து ஒரு மீற்றர் சதுரச் சட்டம் ஒன்றைச் செய்துகொண்டு மலைக்கு ஏறினேன். விறகுக்குப் போகும் தோட்டத்து அம்மாயி ஒருவர் துணைக்கு வந்தார். உம்மா தனியே விட மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் மேல் சரிவு. சட்டத்தை எங்கே வைத்தாலும் ஊசியிலை, அதற்குள் இரண்டு மூன்று மானாப்புல் தூர், கரிந்த ஒரு பைன் காய். மரங்களின் அடிப்பட்டையெல்லாம் இடுப்பளவு கருமை. நான் எதிர்பார்த்தது அதுதான், கொப்பியில் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

பிறகு அம்மாயி விறகு கட்டுவதற்காகக் கீழே ஓடையோரம் இறங்கினார். அதுவும் பைனஸ்தான், அதே வயது, அதே இடைவெளி. ஓடையின் மறுகரையில் மட்டும் ஒரு துண்டு பழைய காடு தப்பி நிற்கிறது. அங்கே சட்டத்தை வைக்கவே இடம் கிடைக்கவில்லை. கெக்கில்ல பன்னம், ஊதாப் பூவோடு போவிட்டியா, காட்டுக் கறுவாபோல் மணக்கும் ஒரு கன்று, நாவல் இனத்துக் கன்றுகள், என் தோளுயரத்துக்கு ஒரு கித்துல், பெயர் தெரியாத கொடிகள். பதினொரு வகை எண்ணியபின் நிறுத்திக்கொண்டேன். பச்சைப் பாலைவனம் என்று கைதட்டல் வாங்கியவளுக்கு அந்த இடத்தில் நிற்கச் சங்கடமாக இருந்தது. ஒரே மரத்தின் அடியில் ஓரிடத்தில் ஒன்றுமில்லை, ஐந்நூறு அடி தள்ளி இவ்வளவு என்றால், காரணம் மரமாக மட்டும் இருக்க முடியாது.

அந்தக் காரணங்களைத் தேடிப் படித்தேன். ஊசியிலையில் மெழுகும் எளிதில் உக்காத நார்ப்பொருளும் அதிகம், நைதரசன் குறைவு. ஆகவே அது மெதுவாக உக்குகிறது, மேலே மேலே படிந்து மெத்தையாகிறது. அதன்மேல் விழும் சிறிய விதை முளைத்தாலும், வேர் மண்ணைத் தொடுமுன் மெத்தை காய்ந்துவிடும். இது மரத்தின் குணம், மறுக்க முடியாது. ஆனால் ஓடையோரத்தில் ஈரம் இருக்கிறது, மெத்தை வேகமாக உக்குகிறது.

அடுத்தது விதை. பைனஸ் விதை சிறகு முளைத்துக் காற்றில் போவது, நம் பறவைகளுக்கு அதில் பழமும் இல்லை, சதையும் இல்லை. பழம் தின்னும் கொண்டைக்குருவிக்கு அங்கே என்ன வேலை? பக்கத்தில் பழமரக் காடு இருந்தால் மட்டுமே அது அங்கே தின்றுவிட்டு வந்து பைன் கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். கித்துல் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுவந்து போடுவது மரநாய். சுற்றிலும் தேயிலையும் புல்லுமாக இருக்கும் உச்சிச் சரிவுக்கு விதை கொண்டுவர யாருமில்லை. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். பறவை உண்ண எதுவுமில்லாத மரத்தை மலை முழுக்க நட்டுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அன்று பேசியதில் சரியான பாதி இதுதான்.

நெருப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பைனஸ் கரிபியா தன் சொந்த நாடுகளில், ஹொண்டூராஸ், நிக்கராகுவா சமவெளிகளில், அடிக்கடி தீப்பிடிக்கும் புல்வெளிகளில் வளர்வது. பட்டை தடித்தது. அடிமரம் கருகினாலும் வளர்ந்த மரம் பிழைத்துக்கொள்ளும். நம் காட்டுக் கன்றுகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு மார்ச் மாதத் தீ போதும், ஐந்து வருடம் தட்டுத்தடுமாறி முளைத்ததெல்லாம் ஒரே மாலையில் போய்விடும். பிறகு முதலில் எழுவது மானாப்புல். அது அடுத்த வருடத் தீக்கு எரிபொருள். நெருப்பு, புல், மறுபடி நெருப்பு. மேல் சரிவில் என் சட்டத்துக்குள் அகப்பட்டது இந்தச் சுற்றுத்தான். அந்தக் கரிந்த காயைப் பார்த்தும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

இந்தத் தீயை இடி மின்னல் மூட்டவில்லை. இளம் புல் துளிர்க்க வேண்டுமென்று மாட்டுக்காரர் சிலர் மூட்டுகிறார்கள், விளையாட்டுக்கு நம் பொடியன்கள் மூட்டுகிறார்கள், சுற்றுலா வந்தவர்கள் அடுப்பை அணைக்காமல் போகிறார்கள். பைனஸ் பற்றித் திட்டிக்கொண்டே தீக்குச்சியை உரசுகிற ஊர் நம்முடையது என்று எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்னொன்று வெளிச்சம். நெருக்கமாக நட்ட மரங்களை வளர வளர ஐதாக்க வேண்டும். நட்டதோடு விட்டுவிட்ட இடங்களில் அடியில் ஒளி போதாமல் கன்று குன்றிப்போகிறது.

இதை ஒரு நம்பிக்கையாக அல்லாமல் சோதனையாகவே செய்து பார்த்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். சிங்கராஜ வனத்தின் எல்லையில் 1970களின் பிற்பகுதியில் பைனஸ் நடப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான சாவித்ரி குணதிலக்க, நிமல் குணதிலக்க தம்பதியரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் அஷ்டனும், அவர்களுடைய சகாக்களும் 1991 இல் அந்தத் தோட்டத்துக்குள் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். சில இடங்களில் பைனஸை அப்படியே விட்டார்கள், சில இடங்களில் ஒரு வரிசையை மட்டும் வெட்டினார்கள், சில இடங்களில் மூன்று வரிசைகளை. அந்த இடைவெளிகளில் நாகமரம், ஹொர, சோரியா இனங்கள் என மழைக்காட்டின் பெருமரக் கன்றுகளை நட்டார்கள். முடிவுகள் 1997 இல் வெளியாயின. மூடிய பைனஸின் அடியில் கன்றுகள் உயிரோடு இருந்தாலும் வளரவில்லை. மூன்று வரிசை எடுத்த இடத்தில் மிக நன்றாக வளர்ந்தன. பைனஸ் அவற்றுக்குச் செவிலித்தாயாக இருந்தது என்பதே அவர்களுடைய கட்டுரையின் சாரம். நான் பாலைவனம் என்றேன், அவர்கள் செவிலி என்கிறார்கள். அவர்கள் வருடக்கணக்கில் அளந்து பார்த்துச் சொன்னார்கள். நான் ஐந்து நிமிடம் பேசினேன்.

ஏன் எல்லா மரங்களையும் வெட்டிவிட்டு நடக் கூடாது? விவாதத்தில் எதிரணி கேட்காமல் விட்ட கேள்வி இது. கேட்டிருந்தால் தோற்றிருப்போம். அதற்கான விடையைப் பேராசிரியர்களிடம் போகாமல், விறகு கட்டிக்கொண்டிருந்த அம்மாயியிடமே கேட்டிருக்கலாம். அவர் இளவயதில் தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர். அன்று இறங்கி வரும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"கன்னுக்கு ஒரேயடியா வெயிலக் காட்டினா கருகிப் போயிரும் பாப்பா. மொதல்ல மேல கெக்கில்ல பரப்பி நெழலு கட்டணும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாப் பிரிக்கணும். அவசரப்பட்டா தொரை ஏசுவாரு."

தவறணையில் மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது. முதலில் நல்ல நிழல், பிறகு அரை நிழல், பிறகு வெளிச்சம். சிங்கராஜவில் மூன்று வரிசை எடுத்துச் செய்ததும் அதுவேதான். மரங்கள் முழுவதையும் ஒரே நாளில் வெட்டினால் வெயில் நேரடியாக விழும், காட்டுக் கன்று கருகும், மானாப்புல்லும் உண்ணிச்செடியும் சந்தோஷமாக வளரும். வெட்டிய சரிவில் அடுத்த பருவமழைக்கு மண்ணும் இறங்கும். கொட்டகலையில் மண் இறங்கினால் கீழே லயங்கள் இருக்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களின் கையில் இருக்கும் இந்த அறிவை நம் பாடசாலைகள் அறிவென்றே கணக்கில் எடுப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அதை இன்னொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன்.

சிங்கராஜவை அப்படியே கொட்டகலைக்குத் தூக்கிவர முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே எல்லையிலேயே மழைக்காடு இருக்கிறது. விதைக்கும் பறவைக்கும் பஞ்சமில்லை, வருடம் முழுக்க மழை. நம் மலை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹொர இங்கே நடும் மரமல்ல. ஓடையோரம் தப்பி நிற்கும் அந்தத் துண்டுக் காட்டில் என்ன இருக்கிறதோ அதன் விதைதான் நமக்குப் பொருத்தம். அதைப் பொறுக்கித் தவறணையில் போட வேண்டும். சுற்றாடல் தினத்தன்று லொறியில் வந்து இறங்கும் கன்றுகள் எங்கிருந்து வந்தவை என்று நாம் கேட்டதுண்டா? இன்னொரு கவனமும் தேவை. எல்லாப் புல்வெளியும் அழிந்த காடல்ல. ஹோட்டன் சமவெளியின் புல்வெளி போல இயற்கையாகவே புல்லாக இருக்கும் இடங்களும் உண்டு. தமிழ்நாட்டின் நீலகிரி, பழனி மலைகளில் சோலைக்காடுகளுக்கு நடுவே இருந்த இயற்கைப் புல்வெளியை வெறும் நிலமென்று நினைத்து வாட்டில், பைன், யூக்கலிப்டஸ் நட்டுவிட்டு இன்றுவரை அதோடு போராடுகிறார்கள். அங்கும் சில இடங்களில் அந்த அந்நிய மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்திருப்பதைக் கண்டு, எதை வெட்டுவது எதை விடுவது என்று விவாதம் நடக்கிறது.

வாப்பாவின் தண்ணீர்க் கேள்விக்கு வருகிறேன். பைனஸ் தண்ணீர் குடிக்காது என்று நான் சொல்லவில்லை. வருடம் முழுவதும் இலையோடு நிற்கும் உயர்ந்த மரம் எதுவானாலும் புல்லை விட அதிக நீரைக் குடிக்கும். பைனஸும் குடிக்கும், நம் நாகமரமும் குடிக்கும். வேறுபாடு மழை மண்ணுக்குள் இறங்குகிறதா என்பதில் இருக்கிறது. அடியில் செடியும் உக்கும் இலையும் இருந்தால் மழைநீர் தங்கி மெதுவாக இறங்கும், ஊற்றுக்கு அதுதான் சேமிப்பு. தீயில் அடித்தளம் எரிந்துபோன சரிவில், உயர்ந்த கிளைகளிலிருந்து திரண்டு விழும் பெரிய துளி வெறும் மண்ணைக் குத்தி இறுக்குகிறது. தண்ணீர் மேலோடு ஓடிவிடுகிறது. எங்கள் ஊற்றுக்கு மேலே இருப்பது அந்தக் கருகிய சரிவு. ஓடையோரப் பைனஸுக்குக் கீழே இருக்கும் தோட்டத்துப் பீலி மார்ச் மாதத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பீலியை வைத்து விதி எழுதக் கூடாதென்று எங்கள் ஆசிரியை கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் எந்தச் சரிவுக்குக் கீழே வீடு கட்டுவாய் என்று கேட்டால் என் பதில் தயார்.

ஆகவே என் கருத்தை மாற்றிச் சொல்கிறேன். பைனஸ் இங்கே நிரந்தரமாக நிற்க வேண்டிய மரமல்ல. ஆனால் அது போகும்போது தன் நிழலில் வேறொன்றை வளர்த்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு முதல் வேலை கோடரியும் அல்ல, கன்றும் அல்ல. தீயை நிறுத்துவதுதான் முதல் வேலை. டிசம்பர் முடிவில், புல் காயத் தொடங்கும் முன், மேல் சரிவைச் சுற்றி இரண்டு மூன்று மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கீற்று வெட்ட வேண்டும். தோட்டத்தில் கான் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையே அல்ல. ஊசியிலையை அடுப்புக்கு அள்ளுகிறவர்கள் அந்தக் கீற்றின் ஓரத்திலிருந்து அள்ளினால் தீக்கும் இரை குறையும், நமக்கும் அடுப்பு எரியும். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலும், கோயிலிலும், தேவாலயத்திலும் அந்தப் பருவத்தில் ஒரு வார்த்தை சொன்னால் பொடியன்கள் கேட்பார்கள். பெற்றோரே, உங்கள் மகன் மலைக்குப் போய் வந்த மாலையில் சட்டையை மோந்து பாருங்கள். நான் நானாவின் சட்டையை மோந்தவள்.

அதற்குப் பிறகுதான் ஐதாக்குவதும், தவறணையும், நடுவதும். ஐதாக்குவது திணைக்களத்தின் கையில் இருக்கிறது, நம் இஷ்டத்துக்கு ஒரு மரத்தையும் தொட முடியாது. கேட்கும் கடிதத்தில் "பைனஸை அகற்றித் தாருங்கள்" என்று எழுதாமல் "வரிசை விட்டு வரிசையாக ஐதாக்கித் தாருங்கள், இடையில் நாங்கள் நடுகிறோம், மூன்று வருடம் களையும் பிடுங்குகிறோம்" என்று எழுதலாம். களை பிடுங்குவதைச் சொல்லாமல் விடக் கூடாது. வெளிச்சம் விழுந்ததும் உண்ணிச்செடி கன்றை மூடிவிடும். நமது கல்லூரியில் நான் ஆறாம் வகுப்பிலிருந்து நட்ட கன்றுகள் எத்தனையோ. படம் எடுத்தோம், பெயர்ப் பலகை வைத்தோம். இப்போது பலகைகள் இருக்கின்றன.

இதையெல்லாம் சென்ற நோன்பு விடுமுறையில் வாப்பாவிடம் கொப்பியைத் திறந்துவைத்து விளக்கினேன். கடைசிவரை கேட்டார். பிறகு கடைக்காரரின் கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"சரி மகள், மூணு வரிசய வெட்டுறாங்க எண்டு வச்சுக்கோ. அந்த மரத்த எந்த வழியா கீழ எறக்குறது? பாதை இல்லயே. இழுத்துட்டு வந்தா ஓடையோரத்துல நீ எண்ணின அந்தச் செடியெல்லாம் நசுங்குமே."

அதற்கு என்னிடம் அரைப் பதில்தான் இருக்கிறது. முளை எழும் முன்பே, வறட்சியான காலத்தில், மேல் சரிவில் மட்டும் வெட்ட வேண்டும், ஓடையோரத்தைத் தொடவே கூடாது. மேல் சரிவிலிருந்து இறங்குவதற்குப் பழைய தேயிலைப் பாதை ஒன்று புல்லுக்குள் மறைந்து கிடப்பதாக அம்மாயி சொன்னார். அடுத்த விடுமுறையில் அவரோடு போய் அதைப் பார்த்துவர வேண்டும்.